உற்றவரைக் கேளாத மருத்துவம்

மருதமரத்தால் பெயர்பெற்றது திருவிடைமருதூர். அத் தூய தமிழ்ப்பெயரை ‘மத்தியார்ச்சுனம்’ என மாற்றி வழங்கினர் வடமொழியாளர். பெயர் மாறினும் மரம் மாறவில்லை. அதன் பட்டை, நெஞ்சாங்குலை நோய்க்குத் தமிழ் மருத்துவர் வழிவழியாகக் கையாண்ட மருந்தாகும். பெயரிலேயே மருந்தைத் தாங்கிய அவ்வூரிலும், சுற்றியுள்ள சிற்றூர்களிலும், முதியோர்க்குரிய மருத்துவத்தைத் தெரிந்தெடுப்போர் யாவர்? எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

நாற்று நட்டும் களை பறித்தும் முதுகு கூனியவர், திருபுவனத்துத் தறிகளில் பட்டு நெய்து கண்பார்வை மங்கியவர் ஆகியோரின் மக்கள் பலர் இன்று சென்னையிலும் திருப்பூரிலும் சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் உழைக்கின்றனர். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்களுள் அறுபது அகவை கடந்தோர் 10.4 விழுக்காட்டினர்; 2021ஆம் ஆண்டிற்கான மதிப்பீட்டில் அது 13.6 விழுக்காடாக உயர்ந்தது. தொலைவிலுள்ள மகன் பணம் அனுப்புகிறான். தொலைபேசி வழியே மருத்துவமனையையும் அவனே முடிவு செய்கிறான். கட்டடத்தின் உயரமும் விளம்பரப் பலகையின் ஒளியும் அம்முடிவிற்குப் போதுமானவை ஆகிவிடுகின்றன. நோயுற்ற தாயையோ எவரும் கேட்பதில்லை. இஃது அன்பின்மை அன்று, அறியாமை.

திருவள்ளுவப் பெருந்தகை மருந்து அதிகாரத்தின் இறுதியில் மருத்துவத்தை நான்கு கூறாக்கினார்: நோயுற்றவர், மருத்துவர், மருந்து, உடனிருந்து துணைபுரிவோர். அவற்றுள் முதற்கண் வைக்கப்பெற்றவர் நோயுற்றவரே என்பதை உணர்தல் வேண்டும். இந் நான்குமே முதியோர்க்கு மருத்துவம் தெரிதற்குரிய அளவுகோலாகும்.

குருதியழுத்தமும் நீரிழிவும் ஒருநாளில் தீர்வன அல்ல. வாழ்நாள் முழுதும் கண்காணிக்கத் தக்கவை. அவற்றிற்குத் தொலைவிலுள்ள பெருமனையினும், நடந்து செல்லும் தொலைவிலுள்ள அரசு மருத்துவமனையும், தொடர்ந்து பார்க்கும் ஒரே மருத்துவருமே சிறந்த துணையாவர். இடுப்பெலும்பு முறிந்தாலோ, மூளையில் குருதிக்குழாய் அடைபட்டாலோ, காலந்தாழ்த்தாது குடந்தைத் தலைமை மருத்துவமனைக்கோ தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ செல்லுதல் வேண்டும். எந்நோய்க்கு எவ்விடம் என்பதை நோய் வருமுன்னரே பெரியவர்களோடு அமர்ந்து பேசி வைத்தலே அறிவுடைமை.

அடுத்தது மருந்து. முழங்காலுக்கு ஒருவர், நெஞ்சிற்கு ஒருவர், நீரிழிவிற்கு ஒருவர் என மருத்துவர் பலரிடம் செல்லும் முதியவர், ஒரே மருந்தை இரு வணிகப் பெயர்களில் இருமுறை உண்டுவிடுகின்ற இடர்ப்பாடு உண்டு. உறையிலும் சீட்டிலும் உள்ளது பெரும்பாலும் ஆங்கிலம். தமிழை நன்கு படிக்கவல்ல பாட்டியும் தன் உயிர் காக்கும் மருந்தின் முன் எழுத்தறியாதவர் ஆகிறார். தமிழ்நாட்டில் இதனினும் இழிநிலை வேறுண்டோ? முதியோர் மருத்துவத் துறையில் புகழ்பெற்ற மருத்துவர் வ.செ. நடராசன் அத்துறை நூல்கள் பலவற்றைத் தமிழிலேயே எழுதியிருக்கிறார். நூலெழுதத் தமிழால் இயலுமெனில், ‘காலை ஒன்று, உணவிற்குப் பின்’ என்று சீட்டெழுத இயலாதா? தமிழில் விளக்கும் மருத்துவரைத் தெரிவது மொழிப்பற்று மட்டுமன்று, உயிர்க்காப்பும் ஆகும்.

உரிமைகளும் இல்லாமல் இல்லை. 2007ஆம் ஆண்டின் பெற்றோர், முதியோர் பேணற் சட்டம், மருத்துவமனைகளில் முதியோர்க்குத் தனி வரிசை வேண்டுமெனக் கூறுகிறது. 2021ஆம் ஆண்டு ஆகத்து 5ஆம் நாள் தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’, மருந்து வில்லைகளை வீட்டிற்கே கொணரவும், இயன்முறை மருத்துவமும் நோவு தணிக்கும் மருத்துவமும் இல்லத்திலேயே அளிக்கவும் வகைசெய்தது. பெயரும் தமிழ், நோக்கமும் தமிழர்க்குரியது. ஆயினும் கேட்டுப் பெறுவார் இல்லையேல் உரிமை ஏட்டளவே.

இங்குத்தான் நான்காம் கூறாகிய துணைபுரிவோர் வேண்டப்படுகின்றனர். பக்கத்துக் கேரளம் 2008இல் நோவு தணிப்பு மருத்துவத்திற்கெனத் தனிக் கொள்கை வகுத்தது. அங்கு அண்டை அயலார் தாமே பயிற்சி பெற்று, படுத்த படுக்கையாயினாரைப் பேணுகின்றனர். காவிரிப் படுகைத் தமிழ் இளைஞர்க்கு அஃது இயலாததன்று.

தெருவிற்கு இருவர் முன்வரட்டும். தனித்து வாழும் முதியோர் இல்லந்தோறும் செல்லட்டும். மருந்தின் பெயர், அஃது எந்நோய்க்கு, எப்பொழுது உண்பது என்பவற்றை மருத்துவரிடம் கேட்டறிந்து, பெரிய தமிழ் எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டட்டும். அதற்கும் முன்பாக, “உங்களுக்கு எங்குச் செல்ல விருப்பம், அம்மா?” என்று ஒரு சொல் கேட்கட்டும். தமிழ் கற்பித்த வாய், தன் நோயைத் தமிழில் சொல்லவும், தமிழில் மறுமொழி பெறவும் உரிமையுடையது. அவ்வுரிமையைக் காவாத மொழிப்பற்று மேடையளவே!