பகிர்வதற்கு முன் கேட்க வேண்டியது

ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் மரபைப் 'பகிரும்' நடைபாதை என்றதும் நம்ம மாதிரி ஆட்கள் நீளம் எவ்வளவு, பலகை எத்தனை, க்யூஆர் கோடு எங்கே என்று வரைய ஆரம்பித்துவிடுவோம். எதைச் சொல்லக் கூடாது என்பதுதான் முதல் கேள்வி. அதற்குப் பதில் சொல்லும் உரிமை வடிவமைப்பாளருக்குக் கிடையாது.

உலூருவைப் பாருங்கள். அனங்கு மக்களின் மாலா முன்னோர் ஏறியதாகச் சொல்லப்படும் வழியில், சுற்றுலாப் பயணிகளுக்காக 1964இல் சங்கிலி அடித்தார்கள். 1985 அக்டோபர் 26இல் நிலம் அனங்கு கைக்குத் திரும்பியது. கையோடு 99 ஆண்டுக் குத்தகையில் அரசிடமே போனது. 'ஏறாதீர்கள்' என்று அவர்கள் பலகை வைத்துக் கேட்டார்கள். ஜனம் ஏறிக்கொண்டே இருந்தது. ஏறுவதற்குத் தடை வந்தது 2019 அக்டோபர் 26இல். சொந்தக்காரர் சொன்ன 'வேண்டாம்' செல்லுபடியாக 34 வருஷம்!

இன்று பாறையைச் சுற்றி நடக்க 10 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான பாதை இருக்கிறது. முட்டிஜுலு நீர்நிலை அருகே, குனியா என்னும் மலைப்பாம்புப் பெண் லிரு என்னும் நச்சுப்பாம்போடு போட்ட சண்டையை வருகிறவர்க்கெல்லாம் சொல்கிறார்கள். வேறு சில இடங்களில் கதை கிடையாது. படம் எடுக்காதீர்கள் என்ற வேண்டுகோள் மட்டும்தான். சில இடங்கள் ஆண்களுக்குரியவை, சில பெண்களுக்குரியவை. அங்குள்ள அறிவு உரிமை உள்ளவரோடு நிற்கும். இந்தப் பாதையில் நான் மதிப்பது அந்த மௌனத்தைத்தான்.

"அறிவு பொதுச்சொத்தாச்சே, மறைக்கலாமா?" என்று என் தொழில்காரர்கள் கேட்பார்கள். ஓப்பன் சோர்ஸ் பழக்கம். அங்கேயும் உரிமத்தை எழுதியவர்தானே தருகிறார்? அடுத்தவர் நிரலைத் தூக்கி வெளியே போட்டுவிட்டு 'பகிர்ந்தேன்' என்றால் அதற்குப் பெயர் திருட்டு.

வரைபடம், டெண்டர், பலகை வாசகம் எல்லாம் முடிந்தபின் மூத்தோரைக் கூப்பிட்டுக் கருத்து கேட்பது வெறும் சம்பிரதாயம். தடத்தைத் தீர்மானிக்கும்போதே அவர்கள் இருக்க வேண்டும், அந்த வேலைக்குச் சம்பளத்தோடு. வாசகத்தின் உரிமை அவர்களிடமே இருக்க வேண்டும். இறந்தவரின் பெயரையும் படத்தையும் தவிர்ப்பது பல பழங்குடிச் சமூகங்களில் வழக்கம். ஆகவே பலகை கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும். தேவைப்பட்டால் பாதையையே மூடலாம் என்று ஒப்பந்தத்தில் எழுத வேண்டும்.

இதெல்லாம் முடியாது, பட்ஜெட் இடம்கொடுக்காது என்கிறீர்களா? அப்ப அந்தப் பாதையைப் போடாதீங்க.