இரண்டாவது கார்டும் ஃபார்மட் வைத்தியமும்

வீட்டுக் கம்ப்யூட்டரில் இரண்டாவதாக ஒரு கிராபிக்ஸ் கார்டைப் போட்டு, அது தெரியவில்லை என்றால் திருவெண்ணெய்நல்லூர் பக்கம் உடனே கிடைக்கும் ஆலோசனை: "ஃபார்மட் பண்ணிடலாம்!" விழுப்புரத்திலிருந்து வரும் மெக்கானிக்காக இருக்கட்டும், எதிர்வீட்டு இன்ஜினியரிங் மாணவராக இருக்கட்டும், மருந்து மட்டும் மாறுவதில்லை. காய்ச்சலுக்கும் கால்வலிக்கும் ஒரே ஊசி. விண்டோஸ் மட்டும் போனால் பரவாயில்லை. அவசரத்தில் அழிப்பவர் கை தவறி அடுத்த டிரைவையும் அழித்துவிட்டால் அக்கா கல்யாண போட்டோக்களும் சேர்ந்தே போகும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இரண்டாவது கார்டு பிரச்சினைகளில் பெரும்பாலானவை ஹார்ட் டிஸ்க் பக்கமே வருவதில்லை. முதல் சந்தேகம் எஸ்.எம்.பி.எஸ். மேல்தான் வரவேண்டும். மதர்போர்டு ஸ்லாட் ஒரு கார்டுக்கு அதிகபட்சம் 75 வாட் தரும். அதற்கு மேல் கேட்கிற கார்டுக்குத் தனி ஒயர் வேண்டும்: 6 பின் என்றால் இன்னொரு 75 வாட், 8 பின் என்றால் 150 வாட். கேபினெட்டோடு சும்மா வந்த எஸ்.எம்.பி.எஸ்.ஸில் இரண்டு கார்டை மாட்டினால் டெஸ்க்டாப் அழகாக வரும். கேம் ஆரம்பித்ததும் சிஸ்டம் ரீஸ்டார்ட் ஆகும். வெளியே இருக்கும் 600 விஏ யூபிஎஸ்ஸும் பெரும்பாலும் 360 வாட் வரைதான் தாங்கும். கரண்ட் போகும் நேரத்தில் அது பீப் அடித்து அணைந்தால் பழி கார்டு மேல் விழுகிறது, பாவம்.

அடுத்தது ஸ்லாட். சில போர்டுகளில் எம்.2 எஸ்எஸ்டி மாட்டினாலே இரண்டாவது ஸ்லாட் வேலை செய்யாது. மேனுவலில் சின்ன எழுத்தில் இருக்கும், யார் படிக்கிறார்கள்? டிவைஸ் மேனேஜரில் "கோட் 12" வந்தால், கார்டுக்கு ஒதுக்க முகவரி இடம் போதவில்லை என்று விண்டோஸே சொல்கிறது. பல போர்டுகளில் பயாஸுக்குள் போய் "அபவ் 4ஜி டிகோடிங்" என்பதை ஆன் செய்தால் சரியாகும். இதற்கு விண்டோஸை அழித்து என்ன பயன்?

பழைய உதாரணம் ஒன்று. 2007-ல் வந்த விஸ்டாவில், அதன் புது வகை டிரைவர்களோடு இரண்டு வெவ்வேறு கம்பெனி கார்டுகள் சேர்ந்து ஓடாது. எல்லாக் கார்டுக்கும் ஒரே டிரைவர்தான் என்பது அதன் விதி. 2009-ல் விண்டோஸ் 7 வந்துதான் அது தளர்ந்தது. நடுவில் இருந்த இரண்டு வருடத்தில் நூறு முறை ஃபார்மட் அடித்து விஸ்டாவையே மறுபடி போட்டிருந்தாலும் பலன் பூஜ்யம்தான்.

திருவெண்ணெய்நல்லூருக்கு இந்த விஷயத்தில் ஒரு பெருமை உண்டு. சுந்தரரைத் தன் அடிமை என்று வழக்காடிய முதியவரிடம் இந்த ஊர்ச் சபை மூல ஓலையைக் கேட்டது. பாட்டனாரின் வேறொரு கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே தீர்ப்புச் சொன்னது என்கிறது பெரியபுராணம். சாட்சாத் சிவபெருமானே வாதி! அவரிடமே ஆதாரம் கேட்ட ஊரில், "ஃபார்மட்" என்றதும் மறுபேச்சில்லாமல் தலையாட்டுவது என்ன நியாயம்?

ஆதாரம் எடுப்பதும் கஷ்டமில்லை. பழைய கார்டைக் கழற்றிவிட்டு, புதியதை மட்டும் முதல் ஸ்லாட்டில் போட வேண்டும். படம் வந்தால் கார்டு நல்லது. ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு பஸ் ஏற வேண்டியதில்லை. பிறகு, நல்லதென்று தெரிந்த பழைய கார்டை இரண்டாவது ஸ்லாட்டில் மட்டும் போட்டுப் பார்க்க வேண்டும். அங்கும் படம் வந்து, இரண்டும் சேரும்போது மட்டும் தகராறு என்றால் பவர், பயாஸ், டிரைவர் என்ற வரிசை. டிரைவர்தான் குற்றவாளி என்றாலும் அதை மட்டும் சுத்தமாக நீக்கிவிட்டுப் புதிதாகப் போட்டால் போதும்.

கேமுக்காக இரண்டாவது கார்டு வாங்குவது இப்போது வீண் செலவு. என்விடியா 2004-ல் கொண்டுவந்த எஸ்.எல்.ஐ.க்கு, 2021-லிருந்து புது டிரைவர் புரொஃபைல்கள் கிடையாது. இரண்டு 4 ஜிபி கார்டு சேர்ந்தால் கேமுக்கு 8 ஜிபி ஆகும் என்று நினைத்து ஏமாந்தவர்கள் அந்தக் காலத்திலேயே ஏராளம். பிளெண்டரில் ரெண்டர் செய்பவருக்கும், நாலைந்து மானிட்டர் வேண்டியவருக்கும் கதை வேறு. அவர்களுக்கு இரண்டு கார்டும் தனித்தனியாக உழைத்தாலே போதும். அந்தக் காசில் பாதியை முதலில் நல்ல எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு ஒதுக்கியிருந்தால் மெக்கானிக்கைக் கூப்பிடும் வேலையே வந்திருக்காது.