செப்புச் சாமான் வாங்கும் முன்

கோச்சடையில் எங்கள் குழந்தைகள் வார்டுக்கு வருவோர் கையில் பிளாஸ்டிக் பொம்மைகளே மிகுதி. அவற்றினும் அம்பாசமுத்திரத்துக் கடைசல் செப்பு மேலான பரிசு என்பது எங்கள் எண்ணம். கடைசலில் சுழலும் மரத்தின்மீது வண்ண அரக்குக் குச்சியை அழுத்த, உராய்வின் சூட்டிலேயே அரக்கு உருகிப் படிகிறது. குடமும் உரலும் கைக்கடக்கமாக அமைவதால், ஒரு கையில் ஊசி ஏற்றியிருந்தாலும் மறு கையால் விளையாடலாம்.

ஆயினும் ஒரு கவலை உண்டு. 2021 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், பதிவு பெற்ற கைவினைஞர்களுக்கு அதில் விலக்கு உண்டு. சிறு பட்டறைகளைக் காக்கும் அவ்விலக்கை வரவேற்கிறோம். ஆனால் சோதிக்கும் பொறுப்பு அங்கே வாங்குவோர்மேல் விழுகிறது. மேற்பூச்சு அரக்கா, பெயின்டா, அதில் கலந்த நிறம் யாது என்று கேட்டறிய வேண்டுகிறோம். ஈயம் எவ்வளவு சிறிதாயினும் குழந்தைக்குத் தீங்கே.

மூடிகளை ஒரே அளவில் கடையத் தாமே அளவுக்கட்டை செய்துகொள்ளும் கடைசல்காரர்கள், 31.7 மி.மீ. விட்டத்தில் துளையிட்ட பலகை ஒன்றையும் உடன் வைத்துக்கொள்ளலாகாதா? மூன்று வயது நிறையாதோரின் பொம்மைகளைச் சோதிக்கும் உருளையின் விட்டம் அதுவே. அத்துளையில் நுழையும் மூடியோ குமிழோ தொண்டையை அடைக்கக்கூடும். அத்தகைய செப்பைச் சிறு குழந்தைக்குத் தர வேண்டா. அக்காளுக்குத் தந்தாலும் தம்பியின் வாய்க்குத்தான் போகும்!

வார்டில் கைக்குத் தரும் சானிடைசரால் செப்பைத் துடைக்காதீர்கள். அதிலுள்ள ஆல்கஹாலில் அரக்கு கரைந்துவிடும். ஈரத் துணியால் துடைத்து உடனே உலர்த்தினால் போதும்.