மோர்ஸ் குறியீடு எந்த மொழிக்குரியது?

‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடரின் இரண்டாம் பருவத்தில் (2017), வேற்றுலக ஆற்றலின் பிடியில் சிக்கிய சிறுவன் வில், வாயால் சொல்ல இயலாததை விரலால் தட்டிச் சொல்கிறான். உடனிருப்போர் அத்தட்டல்களை எழுத்தெழுத்தாகப் பிரித்து, வாயிலை மூடச் சொல்லும் இரண்டு ஆங்கிலச் சொற்களைப் பெறுகின்றனர். காட்சியில் பிழையில்லை. அவர்கள் ஆங்கிலம் பேசும் அமெரிக்கர்கள். மோர்ஸ் குறியீடு மொழிகளுக்கு அப்பாற்பட்ட பொதுக்கருவி என்று இத்தகைய காட்சிகளிலிருந்து முடிவு கட்டுவதே பிழை.

அக்குறியீட்டு அட்டவணையே இதற்குச் சான்று. ‘இ’ எனும் ஆங்கில எழுத்துக்கு ஒரே புள்ளி, ‘டி’க்கு ஒரே கோடு, அரிதாக வரும் ‘க்யூ’வுக்கு நான்கு குறிகள். ஆங்கிலத்தில் மிகுதியாக வரும் எழுத்துக்குச் சுருக்கமான குறி என்பதே அதன் அடிப்படை. அதாவது, ஆங்கிலத்தின் எழுத்துப் பரவல் அக்குறியீட்டுக்குள்ளேயே பொதிந்துள்ளது.

தமிழும் தெலுங்கும் வழங்கும் கார்வேட்டிநகரத்தின் பெயரையே அதில் அனுப்பிப் பார்க்கலாம். தமிழில் டகரம் இரட்டிக்கிறது, தெலுங்கில் இரட்டிப்பதில்லை. வழக்கமான ஆங்கில எழுத்துக்கூட்டலில் இரண்டுக்கும் ஒரே ‘டி’. தகரத்துக்கும் அதுவே. ஏகாரமும் எகரமும் ஒன்றாகின்றன. வால், வாள் என்னும் இரண்டு சொற்களும் ஒரே வடிவம் பெறுகின்றன. எது எது என்று ஊகிக்கும் சுமை பெறுநர் தலையில் விழுகிறது.

இங்கே வழக்கமாக ஒரு சமாதானம் கூறப்படும்: தமிழுக்கு 247 எழுத்துகள், அவை தந்திக்குள் அடங்கா. தமிழ் பயின்றோரே இதைக் கூறுவதுதான் வியப்பு. உயிர் 12, மெய் 18 ஆக முதலெழுத்து முப்பது என்பது தொல்காப்பியக் கணக்கு. உயிர்மெய் அவற்றின் கூட்டு. அதற்குத் தனிக்குறி வேண்டியதில்லை. நான்கு இடங்களுக்கு மிகாமல் புள்ளியும் கோடும் கொண்டு ஆக்கக்கூடிய குறிகள் 2+4+8+16. கூட்டினால் அதே முப்பது! ஆய்தத்துக்கும் கிரந்த எழுத்துகளுக்கும் ஐந்திடக் குறிகள் 32 உள்ளன. தெலுங்குக்கும் அவ்வளவு போதும். ஜப்பானியர் தம் கானா எழுத்துகளுக்கும், ரஷ்யர் சிரிலிக் எழுத்துகளுக்கும் மோர்ஸ் அட்டவணை வகுத்துக்கொண்டனர். இந்தியாவிலேயே 1949இல் தேவநாகரித் தந்தி தொடங்கப்பட்டது.

பயிற்சிச் செலவு, ஒரே வலையமைப்பின் வசதி ஆகியவற்றைக் காரணம் காட்டலாம். அவை நிருவாகக் காரணங்கள், விவாதிக்கத் தக்கவை. ஆனால் நிருவாகம் எடுத்த முடிவை எழுத்துமுறையின் குறைபாடாக எழுதிவைப்பது மொழியியல் ஆகாது.

இந்தியாவில் தந்திச் சேவை 2013 ஜூலையில் முடிவுற்றது. அந்தச் சமாதானம் முடியவில்லை. கைப்பேசிக் குறுஞ்செய்தி ஒன்றில் ஆங்கிலத்துக்கு 160 இடங்கள், தமிழுக்கு 70. அதிலும் ‘கி’ என்னும் ஓரெழுத்து இரண்டு இடங்களை எடுத்துக்கொள்கிறது. இதற்கும் தமிழ் எழுத்தின் ‘சிக்கல்’ மீதே பழி போடப்படுகிறது. ஆங்கிலத்தை அளவுகோலாகக் கொண்டு வகுத்த அட்டவணையை எவரும் கேள்வி கேட்பதில்லை. ஒரு மொழி குறியீட்டுக்குள் அடங்கவில்லை என்று ஆய்வேட்டில் எழுதுமுன், அக்குறியீடு எம்மொழியை அளந்து தைக்கப்பட்டது என்று கேட்பது ஆய்வாளரின் முதற்கடமை.