ஆவூரும் ஓர் ஆண்டுக் கணக்கும்

புதுக்கோட்டை மாவட்டம் என்றதும் சித்தன்னவாசலும் குடுமியான்மலையும் நினைவுக்கு வருவது இயல்பே. விராலிமலைப் பக்கத்துக் கண்மாய்களுக்கும் வறண்ட மேட்டு நிலங்களுக்கும் நடுவே அமைந்த ஆவூரை நினைப்போர் மிகச் சிலரே. ஆண்டுதோறும் வேளாங்கண்ணிக்குச் செல்லும் நம் குடும்பங்கள் ஒரு நாளை ஆவூருக்கென ஒதுக்கலாகாதா?

செல்லுமுன் ஒரு கணக்கைச் சரிசெய்துகொள்வது நலம். ஆவூரின் முதல் ஆலயத்தை வெனான்சியுஸ் பூஷே சுவாமி 1547இல் எழுப்பினார் என்று எழுதப்பட்டிருக்கக் காண்கிறோம். பூஷே பிரான்சு நாட்டில் பிறந்ததே 1655இல்தான்! புனித சவேரியார் கோவாவில் கரையிறங்கியது 1542இல். உள்நாட்டில் மதுரை மறைத்தளத்தை தெ நொபிலி தொடங்கியது 1606இல். பூஷே ஆவூரில் உழைத்தது 17ஆம் நூற்றாண்டின் இறுதியில். இன்றைய ஆலயத்துக்கு உரியதாகக் கூறப்படும் ஆண்டு 1747. அதில் ஓர் ஏழு ஐந்தாகி, யாரோ ஒருவர் கைப்பிழை வரலாறாயிற்றோ என்று ஐயுறுகிறோம்.

நூற்றைம்பது ஆண்டு குறைந்தால் ஊரின் பெருமை குறையுமே என்று சிலர் வருந்தக்கூடும். நமக்கோ, பிழையான ஆண்டு ஆவூரின் உண்மையான பெருமையை மறைத்துவிடுகிறது என்றே படுகிறது.

1687இல் சீயம் நாட்டுக்கு அனுப்பப்பட்ட இயேசு சபையாருள் பூஷேயும் ஒருவர். மறு ஆண்டு அங்கே அரசு கவிழவே புதுச்சேரி வந்து, பின்னர் மதுரை மறைத்தளத்தில் சேர்ந்தார். அந்நாளில் அத்தளத்துக் குருக்கள் காவியுடுத்து, புலால் நீக்கி, தமிழ்த் துறவியர் போலவே வாழ்ந்தனர். பாரிசில் 1702 முதல் அச்சேறிய மறைப்பணியாளர் கடிதத் தொகுதிகளில் ஆவூரின் பெயரும் இடம்பெற்றது. நம் சிற்றூரைப் பிரெஞ்சு நாட்டு வாசகர் அறிந்திருந்தனர், நம்மவர் அறியார்.

1704இல் திருத்தந்தையின் தூதரான தூர்நோன் புதுச்சேரியில் ஓர் ஆணை பிறப்பித்தார். திருமுழுக்கில் உமிழ்நீர் தொடும் சடங்கைத் தவிர்த்தல், மணப்பெண்ணின் தாலி, மண வீட்டில் தேங்காய் உடைத்தல் என நம் மக்களின் பல வழக்கங்கள் அதில் விசாரணைக்குள்ளாயின. அவ்வழக்கங்களுக்காக வாதாட உரோமை சென்ற இருவருள் ஒருவர் பூஷே, மற்றவர் லாய்னஸ். தமிழன் தமிழனாகவே கிறிஸ்தவனாய் வாழலாமா என்பதே வழக்கு. அதை உரோமைக்குக் கொண்டுசென்றவர் ஆவூர் மக்களோடு வாழ்ந்தவர்!

எனினும் அவர் தரப்பு முழுவதும் நியாயமானது என்று நாம் சொல்லோம். ஒடுக்கப்பட்ட மக்களின் இல்லங்களுக்கே சென்று நோயாளிகளுக்கு அருட்சாதனங்கள் வழங்க வேண்டும் என்றும் அவ்வாணை பணித்தது. உயர்குலத்தார் விலகிவிடுவர் என்றஞ்சி மறைப்பணியாளர் அதற்குத் தயங்கினர். அந்த ஒன்றில் தூர்நோன் பக்கமே நீதி இருந்தது. அத்தயக்கத்தின் விலையை நம் ஊர்களில் பலர் தலைமுறை தலைமுறையாகச் செலுத்தினர்.

வழக்கு 1744இல் பதினான்காம் ஆசீர்வாதப்பரின் ஆணையோடு முடிவுற்றது. மூன்றாண்டு கழித்து ஆவூரில் இன்றைய ஆலயம் எழுந்தது. முந்திய ஆண்டுதான் பிரெஞ்சுக்காரர் சென்னையை ஆங்கிலேயரிடமிருந்து கைப்பற்றியிருந்தனர். கடற்கரையில் பீரங்கி முழங்கிய அந்நாளில், ஐரோப்பியக் கொடி பறவாத உள்நாட்டில் எழுந்த ஆலயம் இது. ஆங்கிலேயர் கட்டிய கோட்டைக் கோயில்களோடு இதனைச் சேர்த்து எண்ணுவது பொருந்தாது.

தேம்பாவணி தந்த வீரமாமுனிவரும் இத்தலத்தில் பணிபுரிந்தவரே. 1773இல் இயேசு சபை கலைக்கப்பட்ட பின் மறைத்தளம் நலிந்தது. 1838 அளவில் பிரெஞ்சு இயேசு சபையார் மீண்டும் வந்து மதுரைப் பணியைத் தொடர்ந்தனர்.

செல்வதாயின் உயிர்ப்புத் திருவிழாவையொட்டிச் செல்லுங்கள். அப்பொழுது ஆவூரில் பாஸ்கு நாடகம் நடைபெறும். பின் தேர் புறப்படும். பிற சமயத்தாரும் திரளாக வந்து நிற்பர்.