குளிர்சாதனம் பிறகு, கூரை முதலில்

வீடு என்பது மழைக்கும் வெயிலுக்கும் காப்பு. நம் செமினி வட்டாரத்துத் தோட்ட வீடுகளும், தோட்டம் விட்டுப் பெயர்ந்தோர் குடியேறிய மலிவுவிலை வீடுகளும் மழையைத் தடுக்கின்றன. வெயிலைத் தடுப்பதாகத் தோன்றவில்லை. பிற்பகல் இரண்டு மணிக்குத் தகரக் கூரையின்கீழ் அமர்ந்து வீட்டுப்பாடம் எழுதும் பிள்ளையைப் பாருங்கள். வியர்வையில் நோட்டுப் புத்தகம் நனைகின்றது. சிறிது நேரத்தில் பிள்ளை எழுந்து அஞ்சடிக்குப் போய்விடுகின்றது. பகலெல்லாம் காய்ந்த செங்கற்சுவர் இரவிலும் சூட்டை உமிழ்கின்றது. சரிவர உறங்காத பிள்ளைகள் மறுநாள் காலை வகுப்பில் கண்ணயர்வதை ஆசிரியர்களாகிய நாம் அறிவோம். ஆகவே இது கல்வியைப் பற்றிய செய்தியுமாகும்.

இவ்வெப்பத்திற்குப் பெற்றோர் பலர் கண்டுள்ள மருந்து, தவணைக்கு வாங்கும் 'ஏர்கோன்'. வேண்டாமென்று கூற நாம் வரவில்லை. ஆனால் கணக்கைப் பார்த்தல் நன்று. ஆறாம் ஆண்டு மாணவர் தாமே போட்டுப் பார்க்கலாம். ஒரு குதிரைத்திறன் கொண்ட குளிர்சாதனம் முழு அளவில் ஓடும்போது ஏறத்தாழ 800 வாட் மின்சாரம் இழுக்கும். இரவில் 8 மணி நேரம் அவ்வாறே ஓடினால் 6.4 யூனிட்; 30 இரவுகளுக்கு 192 யூனிட். 60 வாட் மின்விசிறி அதே நேரம் சுழன்றால் மாதம் 14.4 யூனிட்தான். கூரை கொதித்தால் குளிர்சாதனம் ஓய்வின்றி ஓடும். கூரை குளிர்ந்திருந்தால் இடையிடையே நின்று ஓடும். கூரையைக் கவனியாது குளிர்சாதனம் வாங்குவது ஓட்டைக் குடத்தில் நீர் மொண்டு ஊற்றுவதற்கொப்பாகும். தீபகற்பத்தில் 2025 ஜூலை முதல் நடப்பிலுள்ள கட்டண முறையில், மாதம் 1,000 யூனிட்டுக்கு மேற்படாத வீட்டாருக்கு ஊக்கக் கழிவு உண்டு. பயன்பாடு குறையக் குறைய யூனிட்டுக்குரிய கழிவு கூடும்.

நண்பகல் வெயிலில் தகரம் 60 பாகை வரையும் சூடேறும். அச்சூடு கதிராகக் கீழே பாய்ந்து நம் தலையில் இறங்குகின்றது. பளபளப்பான அலுமினியத் தாள் அக்கதிரின் பெரும்பகுதியைத் தடுக்கவல்லது. தகரத்திற்குக் கீழே சிறிது இடைவெளி விட்டு அதனை விரித்தல் வேண்டும். தகரத்தோடு ஒட்டிவிட்டால் பயன் போய்விடும். அதற்கும் கீழே சீலிங் இருப்பின் மேலும் நன்று. கூரையின் வெளிப்புறத்தில் வெள்ளைப் பூச்சு அடிப்பது மற்றொரு வழி. இந்தியாவில் இதனை அரசாங்கங்களே மேற்கொண்டுள்ளன. அகமதாபாத் நகரில் 2017இல் எளியோர் வீட்டுக் கூரைகளுக்கு வெள்ளைச் சுண்ணாம்பு பூசும் பணி தொடங்கிற்று; தெலங்கானா அரசு 2023இல் குளிர்கூரைக்கென்றே ஒரு கொள்கை வகுத்தது. நம் ஊர் மழையில் சுண்ணாம்பு நில்லாது. கூரைக்குரிய பூச்சே வேண்டும். பாசி படிந்து கறுத்தால் கழுவவும் வேண்டும். பழைய கல்நார்த் தகடாயின் அதனைச் சுரண்டவோ துளையிடவோ கூடாது. அதன் தூசு நுரையீரலுக்குப் பெருங்கேடு. மாணவர்கள் கூரைமேல் ஏறலாகாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகின்றோம்.

அக்காலத்து அத்தாப்புக் கூரை குளிர்ச்சியாயிருந்தது என்பர் முதியோர். உண்மையே. தேளும் தீயச்சமும் உடனிருந்தன என்பதையும் அவர்களே சொல்வர்.

இரவில் வெளிக்காற்று வீட்டுக் காற்றைவிடக் குளிர்ந்திருந்தும் சன்னலைத் தாளிட்டுப் படுக்கின்றோம். கொசுவுக்கு அஞ்சித்தான். டெங்கிக் காய்ச்சலை அறிந்த சிலாங்கூரில் அவ்வச்சம் நியாயமானதே. சன்னலுக்கு வலை அடித்தால் அச்சமின்றித் திறக்கலாம். மேற்குச் சுவரோரம் ஓர் அவரைப் பந்தல் போட்டால் மாலை வெயில் சுவரில் விழாது, கறிக்கும் ஆகும்.

இவையெல்லாம் சொந்த வீட்டாருக்குச் சொன்னவை. தோட்ட நிருவாகத்தின் வீட்டில் குடியிருப்போர் என் செய்வர்? வேலை முடிந்ததும் விட்டுப் போகவேண்டிய வீட்டின் கூரைக்குத் தொழிலாளி தம் சம்பளத்தைச் செலவிடுதல் முறையன்று. கூரை நிருவாகத்திற்குரியது; அதனால் ஏறும் மின்கட்டணத்தை வீட்டிலிருப்பவர் கட்டினால், கூரைக்கு உரியவருக்கு அச்சூடு எங்ஙனம் உறைக்கும்? தொழிலாளர் வீட்டு வசதிக்குக் குறைந்தபட்சத் தரம் வகுத்து 1966இல் ஒரு சட்டம் வந்தது. 1990இல் அதற்குப் பதிலாக வந்த சட்டம் வீடு தரும் முதலாளி குடிநீரும் மின்சாரமும் தரவேண்டுமென்கின்றது. வெயிலைத் தடுக்கும் கூரையும் அவ்வரிசையில் வைத்து எண்ணப்படவேண்டும் என்பது நம் கருத்து. நிருவாகத்திற்கும் இது பெருஞ்செலவன்று. தகடு மாற்றும் வேளையில் தாளையும் விரித்துவிட்டால் கூலி ஒன்றே. மூடிய கூரையைத் தாளுக்காக மீண்டும் பிரிக்க எவரும் இசையார். ஆகவே, தகடு மாற்ற ஆள் வருமுன்பே, தொழிற்சங்கக் கிளையின் வழியாக எழுத்து மூலம் கேட்டு வையுங்கள். கடிதம் எழுத நம் பள்ளி ஆசிரியர்கள் துணைநிற்பர். பிற்பகல் இரண்டு மணிக்குப்பின் எந்நாளும் வரலாம்.

- தலைமையாசிரியர்