சாவியை எடுத்த பின்னும்

மாலை வேளைகளில் தாம்பரத்தைச் சுற்றியுள்ள புறநகர்த் தெருக்களில், வெங்காயத்தையும் தக்காளியையும் குவித்துக்கொண்டு வந்து நிற்கும் பிக்கப் வண்டிகளைக் காணாதவர்கள் இரார். எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கிய ஓட்டுநர் தராசுக்குப் பின்னால் வியாபாரியாக நின்றுகொண்டிருக்க, பதிவுசெய்த குரல் ஒன்று ஒலிபெருக்கியில் விலையைக் கூவிக்கொண்டே இருக்கிறது. இருட்டியதும் தார்ப்பாய்க்கு அடியில் இரண்டு எல்.இ.டி. விளக்குகள் எரிகின்றன. வண்டியின் சாவியோ அவருடைய சட்டைப் பையில் கிடக்கிறது. சாவியை எடுத்த பின்னும் பின்தொட்டிக்கு மின்சாரம் போய்க்கொண்டிருக்க வேண்டும் என்பது, இன்றைய தெருவோர வாணிபத்தின் சாமான்யமான அவசியங்களில் ஒன்றாகிவிட்டது.

தொழிற்சாலையிலிருந்து வரும் வண்டியில் பின்பக்கத்துக்குப் போகும் மின்சாரம் பெரும்பாலும் வாலிலுள்ள விளக்குகளின் பொருட்டே போகிறது. அமெரிக்காவில் பிக்கப்புக்குப் பின்னால் இழுவை வண்டி மாட்டிச் செல்கிறவர்களுக்காக உள்ள ஏழு முனைச் செருகியில், நிரந்தரமான 12 வோல்ட்டுக்கென்றே ஒரு முனையை ஒதுக்கிவைத்திருக்கிறார்கள். நம் காய்கறி வியாபாரிக்கு அந்தச் சௌகரியம் இல்லை. பட்டறைக்குப் போய், பேட்டரியிலிருந்து ‘டைரக்ட் லைன்’ இழுக்கச் சொல்லித்தான் பெற்றுக்கொள்ள வேண்டும்.

எனக்குத் தெரிந்த வியாபாரி ஒருவர் அண்மையில் ‘செகண்ட் ஹாண்டாக’ வாங்கிய வண்டிக்கு இந்த வேலையைச் செய்வித்தபோது நானும் உடனிருந்தேன். எலக்ட்ரீஷியன் இளைஞர், கை சுத்தமான வேலைக்காரர். பேட்டரியின் பிளஸ் முனையில் லக்கை (ஒயர் நுனியின் உலோக வளையத்தை) முறுக்கி, ஒயரை எஞ்சின் அறையிலிருந்து சேஸிஸ் ஓரமாகவே இறக்கி, சைலன்சருக்கு எதிர்ப்பக்கமாகக் கொண்டுபோய், பின்தொட்டியில் ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்தில் சேர்த்தார். அங்கே மஞ்சள் நிறத்தில் 20 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றையும் செருகினார்.

“ஃபியூஸ் இங்கேயா தம்பி?” என்றேன்.

“ஆமா சார். போச்சுன்னா அண்ணன் பானெட்டைத் திறந்துகிட்டு நிக்க வேணாம் பாருங்க, கையெட்டுற தூரத்துலயே மாத்திக்கலாம்.”

அண்ணனுக்கும் அது நியாயமாகவே பட்டது. அந்த யோசனையில் கருணை இருக்கிறது, மறுப்பதற்கில்லை; ஆனால் ஃபியூஸின் தர்மம் ஆம்ப்ளிஃபயரைக் காப்பது அன்று, ஒயரைக் காப்பது. பேட்டரியிலிருந்து பின்தொட்டிவரை ஏறக்குறைய 5 மீட்டர் நீளத்துக்கு அந்த ஒயர், மேடு பள்ளமான நம் சாலைகளின் அதிர்வில், சேஸிஸின் இரும்பு விளிம்பில் நாள்தோறும் உரசிக்கொண்டு கிடக்கப்போகிறது. மேலுறை தேய்ந்து செம்பு ஒருநாள் இரும்பைத் தொட்டுவிட்டால், வண்டியின் உடல் முழுவதுமே பேட்டரியின் மைனஸ் ஆகையால், பிரவாகம் அந்த இடத்திலேயே குறுக்கு வழி கண்டு திரும்பிவிடும்; கோடியில் காத்திருக்கும் ஃபியூஸின் வழியாக ஒரு துளி மின்சாரமும் போகாது; அது எரிய நியாயமும் இல்லை. ஸ்டார்ட்டரைச் சுழற்றப் பிறந்த பேட்டரியோ நூற்றுக்கணக்கான ஆம்பியரை ஒரு நொடியில் கொட்டவல்லது. செம்பு பழுக்கும், உறை உருகும், பக்கத்து ஒயர்களும் பற்றிக்கொள்ளும். சாவியோடு உயிர் பெற்று, சாவியோடு உயிர் விடும் லைனில் இவ்விபரீதம் நிகழ்ந்தால் ஓட்டுநர் இருக்கையிலேனும் இருப்பார். டைரக்ட் லைனில் அது நள்ளிரவில், வீட்டு வாசலில், எல்லோரும் உறங்கும்போதும் நிகழலாம்.

ஆகவே ஃபியூஸ் இருக்க வேண்டிய ஸ்தானம் பேட்டரியின் பிளஸ் முனைக்கு அருகே, ஒரு சாண் தூரத்துக்குள். பின்னால் சௌகரியத்துக்காக இன்னொன்று வைத்துக்கொள்வதை யாரும் தடுக்கவில்லை. முன்னால் வைக்கும் ஃபியூஸின் அளவையும் ஒயரின் கனம் பார்த்தே நிர்ணயிக்க வேண்டும். அடிக்கடி எரிகிறதே என்று மஞ்சளை எடுத்துவிட்டுப் பச்சை நிறத்து 30 ஆம்பியரைச் செருகுகிறவர்களும், அதற்கும் பொறுமையின்றிச் செம்பிழை ஒன்றை முறுக்கிவிடுகிறவர்களும், காவற்காரன் சத்தம் போடுகிறான் என்று அவன் வாயைக் கட்டுகிறவர்கள்.

ஒயரின் கனத்தைப் பற்றி நம்மவர்க்கு இருக்கும் அலட்சியம், வீட்டு மின்சாரத்தோடு பழகியதால் வந்தது. 230 வோல்ட்டில் 200 வாட் சாதனம் ஒன்று ஓர் ஆம்பியரைக்கூடக் கேட்பதில்லை. அதே 200 வாட்டை 12 வோல்ட்டில் இன்வெர்ட்டர் வைத்து ஓட்டினால், இன்வெர்ட்டர் தின்பதையும் சேர்த்து, 20 ஆம்பியரை நெருங்கிவிடும். 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் போக 5, வர 5 என்று 10 மீட்டர் தூரம் அந்த 20 ஆம்பியரைச் செலுத்தினால், வழியிலேயே ஏறக்குறைய 1.4 வோல்ட் கழன்றுவிடுகிறது. விளக்கு இதைப் பொறுத்துக்கொள்ளும். இன்வெர்ட்டர் பொறுக்காது, பேட்டரி இறங்கிவிட்டதென்று எண்ணிக் கூச்சலிட்டு நின்றுவிடும். பிறகு குற்றமற்ற பேட்டரியை மாற்றுவார்கள். 6 சதுர மில்லிமீட்டர் ஒயராக இருந்தால் இழப்பு அரை வோல்ட்டைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். பழைய கார்கள் பல 6 வோல்ட்டில் ஓடியவை. இதே வேலைக்கு அவற்றில் இருமடங்கு ஆம்பியர் வேண்டியிருந்திருக்கும். 1950-களில் உலகம் 12 வோல்ட்டுக்கு மாறியதன் காரணங்களில் இதுவும் ஒன்று.

‘வர 5’ என்றேனே, அங்கேயும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பாடி எர்த் இருக்கும்போது மைனஸுக்குத் தனி ஒயர் எதற்கு என்று கேட்பார்கள். பின்தொட்டி சேஸிஸின் மேல் போல்ட்டுகளால் உட்கார்ந்திருக்கிறது. இடையே பெயிண்ட் இருக்கிறது, துரு இருக்கிறது, சில வண்டிகளில் ரப்பர் துண்டும் இருக்கிறது. சென்னையின் உப்புக் காற்றில் இரண்டு மழைக்காலம் கழிந்தபின் அந்தப் பாதையை நம்புவது விவேகமாகாது. தொட்டியை விட்டுவிட்டு, சேஸிஸிலேயே பெயிண்டைச் சுரண்டி இரும்பு பளபளக்கும்படி செய்து லக்கை இறுக்கி, மேலே கிரீஸ் தடவுவது ஒரு வழி. பிளஸோடு கூடவே மைனஸையும் பேட்டரியிலிருந்து கொண்டுவருவது உத்தமம்.

இனி, பேட்டரி இறங்குவதைப் பற்றி. ஒலிபெருக்கியும் விளக்குகளும் சேர்ந்து 5 ஆம்பியர் எடுப்பதாக வைத்துக்கொண்டால், 4 மணி நேர வியாபாரத்துக்கு 20 ஆம்பியர்-மணி செலவு. 80 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு இது கால் பங்கு, தாங்கும். வியாபாரம் முடிந்த களைப்பில் சுவிட்சை மறந்து படுத்துவிட்டாலோ, விடிவதற்கு முன் கோயம்பேட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் வண்டி முனகுவதோடு சரி. அந்நேரத்தில் வண்டியைத் தள்ள ஆள் தேட வேண்டும். வசதியுள்ளவர்கள் பின்னால் இரண்டாவது பேட்டரி ஒன்றை வைத்து, எஞ்சின் ஓடும்போது மட்டும் அதை இணைத்து, நின்றதும் சிறிது நேரத்தில் பிரித்துவிடும் ரிலேயைப் பொருத்திக்கொள்ளலாம். வோல்ட்டேஜ் 13.3-க்கு ஏறினால் சேர்ந்து, 12.8-க்கு இறங்கினால் பிரியும் ரிலேக்கள் கிடைக்கின்றன. வசதியில்லாதவர்களுக்கு, இருக்கைக்குப் பக்கத்தில் சிவப்பு விளக்கு வைத்த ஒரு சுவிட்ச் போதும்.

நம் இளைஞரிடம் இவ்வளவையும் நான் பிரசங்கம் செய்யவில்லை. ஒயரைச் சேஸிஸ் விளிம்பில் தொட்டுக் காட்டி, “இங்கே தேய்ந்தால் எந்த ஃபியூஸ் போகும்?” என்று மட்டும் கேட்டேன். ஒரு கணம் பார்த்தவர், மறு பேச்சின்றிப் பேட்டரியின் மைனஸை முதலில் கழற்றினார். அப்படிச் செய்தால் பிளஸைக் கழற்றும்போது ஸ்பானர் பாடியில் பட்டாலும் பொறி பறக்காது. தொழில் தெரிந்த கை அது. ஃபியூஸ் ஹோல்டரை முன்னால் கொண்டுவந்து, ஒயர் முழுவதையும் சுருள் குழாய்க்குள் நுழைத்து, சாணுக்கு ஒரு கேபிள் டை போட்டு, தகட்டுத் துளையில் ரப்பர் வளையமும் வைத்தார். கூடுதல் செலவு, இரண்டு கிலோ தக்காளி விலைக்கு மேல் போகவில்லை.

பிக்கப் வைத்துப் பிழைக்கும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். வேலை முடிந்தது என்று எலக்ட்ரீஷியன் கை துடைக்கும்போது, பின்னால் விளக்கு எரிகிறதா என்று மட்டும் பார்த்துத் திருப்தியடைந்துவிடாதீர்கள். பானெட்டைத் திறக்கச் சொல்லி, பேட்டரிக்குப் பக்கத்தில் ஃபியூஸைக் கண்ணால் பார்த்த பிறகே கூலியைக் கொடுங்கள்.